பகல் உறக்கம் கலையாத வீடு

“…அதுக்காவ ஒறங்குத மனுசன உலுக்கி எழுப்பச் சொல்லுதியளா? என்னால ஆவாது தம்பி. அவியளா எந்திரிச்சா எந்திரிக்கட்டும். இல்லன்னா காப்பியக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்புங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என் அக்கா.

அவள் நின்ற இடம் அவள் வீட்டு உள்ளறை வாசல். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள். மத்தியானம் மூன்று மணி. அறைக்குள் அத்தான் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து எழுபது நாள் ஆகியிருந்தது. அக்கா பேசியது அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற தம்பியிடம். பிசியோதெரபிஸ்ட் என்று அந்த வேலைக்குப் பெயர். எங்கள் மில் லைன் வீடுகளில் யாருக்கும் அது வாயில் நுழையாமல் ‘பயிற்சித் தம்பி’ என்று ஆக்கிவிட்டோம். அம்பாசமுத்திரத்திலிருந்து வாரம் மூன்று தடவை பஸ் ஏறி வருவார். அன்றைக்கு வந்தது ஒன்பதாவது தடவை. அதில் ஐந்து தடவை, அத்தான் உறங்குகிறார் என்று காப்பியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அக்கா அப்படிச் சொல்வதற்கு முன்னால் அவர் ஒன்று சொல்லியிருந்தார். “இன்னைக்கும் எழுப்பலேன்னா, நான் இனி வர்றதுல அர்த்தம் இல்லக்கா.” கோபமாகச் சொல்லவில்லை. லீவு கேட்க வந்தவர் மாதிரி தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் கூடத்தில் தம்ளரும் கையுமாக உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஏன் இவ்வளவு கறாராக நின்றாள் என்று புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணி மலையை விட்டு இறங்கி வருகிற பக்கம், ஆற்றை ஒட்டி ஒரு நூல் மில். மில்லின் சங்கு ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டுக்கும் ஊதும். அதை வைத்துத்தான் ஊரில் உலை வைப்பதும் இறக்குவதும். மில்காரர்களுக்கு வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் உறங்குவதென்றால் லைன் முழுக்கச் சேர்ந்துதான் உறங்கவைக்க வேண்டும்.

அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ராத்திரி ஷிப்ட் ஆள் படுத்துவிட்டால் அந்த வீட்டுப் பெண், மில்லில் கழித்துப்போட்ட நூலில் ஒரு கொத்தை வாசல் கதவுக் கொண்டியில் முடிந்துவிடுவாள். அந்த முடிச்சைப் பார்த்துவிட்டால் காய்காரி கூவ மாட்டாள், தபால்காரர் மணியடிக்க மாட்டார், அடுத்த வீட்டில் அம்மி அரைக்க மாட்டார்கள். கோலிக்குண்டு விளையாடுகிற பயல்கள்கூடச் சண்டையைச் சைகையிலேதான் போடுவார்கள். என் டீக்கடை மில் வாசலில் இருந்தது. அங்கே வருகிற ஒரு பெரியவர், “நம்ம லைன் பிள்ளையளுக்குப் பேச்சு வாரதுக்கு மின்ன கிசுகிசு வந்துரும்வே” என்பார். மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு அம்மாள் இன்னும் ஒரு படி மேலே. “எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு எப்பிடி இருக்கும்னு கல்யாணப் போட்டோவப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிடணும்” என்று சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் டீயை ஒரே மடக்கில் குடிப்பாள்.

அத்தான் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம். அதில் பாதிக்கு மேல் ராத்திரி ஷிப்ட். அவராகக் கேட்டு வாங்கிக்கொள்வார். ராத்திரியில் மெஷின் குளிர்ச்சியாக ஓடும், மேஸ்திரிகள் வாய் குறைவாக ஓடும் என்பது அவர் கணக்கு. ஆக, கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்குப் பழகிப்போன ஒரே சட்டம், பகலில் உறங்குகிறவரை எழுப்பக் கூடாது. அவள் அடுக்களையில் கரண்டி விழுந்து நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். காலை பதினொன்றரை மணி இருக்கும். அக்கா காலில் செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தாள். “ஏலே, அத்தானுக்கு வாய் கோணுதுல” என்றாள். போய்ப் பார்த்தால் அவர் கட்டில் விளிம்பில் சாய்ந்து கிடக்கிறார். வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. வலது கை ஈரத்துணி மாதிரி தொங்குகிறது. என்னைப் பார்த்து என்னமோ சொன்னார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மில் வாசலில் நின்ற அம்பாசடர் காரைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அங்கே பதினெட்டு நாள் இருந்தோம்.

உயிருக்குப் பயமில்லை என்றான பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் நம் பக்கத்து விவசாயக் குடும்பம் போலிருக்கிறது. “அணையில தண்ணி தெறந்திருக்கிற நாள்லதான் நடவு நடணும். அடைச்ச பெறகு நட்டா வராது. இவருக்கு இந்த மூணு நாலு மாசம்தான் தண்ணி தெறந்திருக்கிற நாள். காலும் கையும் எவ்வளவு திரும்பணுமோ அதுல பெரும்பங்கு இப்பமே திரும்பணும். பயிற்சிய விட்டுராதிங்க” என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தோம். அத்தான் காலையில் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடினால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விழிப்பார். நடுவில் சோறு ஊட்டினால் பாதிக் கண்ணோடு விழுங்குவார். ராத்திரியானால் பொட்டுத் தூக்கம் கிடையாது. மணி என்ன, மணி என்ன என்று கேட்பார். ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதினதும் எழுந்திருக்கப் பார்ப்பார். ஒருநாள் அப்படி எழுந்து கட்டிலிலிருந்து சரிந்து, நானும் அக்காவும் தூக்கிப் படுக்கவைத்தோம். சில ராத்திரி காரணமில்லாமல் அழுவார். சில ராத்திரி இருபது வருடத்துக்கு முந்தைய கதையை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொல்வார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ‘ம்’ கொட்டுவாள். விடிந்ததும் அவர் உறங்குவார், அவள் எழுந்து வாசல் தெளிப்பாள். ஒரு தடவை சோறு வடிக்கிறவள் நின்றபடியே கண்ணயர்ந்து, கஞ்சி கால்மேல் கொட்டிவிட்டது.

எங்களில் ஒருவருக்குக்கூட இது நோயின் பாதி என்று தோன்றவில்லை. ராத்திரி ஷிப்ட் ஆள், பகலில் உறங்குகிறார். எங்கள் ஊரில் இதைவிட இயல்பான காரியம் எது? பார்க்க வந்தவர்களெல்லாம் ஆரஞ்சுப் பழத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, “பாத்தியா, இழுத்துக்கிட்டுக் கெடந்தாலும் மனுசனுக்கு ஷிப்ட் மாறலியே” என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பாளையங்கோட்டைக்குக் காட்டப் போனோம். டாக்டர் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, வெளிக்குப் போவது எப்படி, தூக்கம் எப்படி? தூக்கம் என்றதும் அக்காவும் நானும் ஒரே குரலில், “நல்லா ஒறங்குதாவ சார்” என்றோம். சொன்னது பொய்யில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்குத் தெரியும்?

பயிற்சித் தம்பி வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. அத்தான் விழித்திருக்கிற அபூர்வமான நாட்களில் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும். ஒருநாள் அத்தான், “வலது பக்கம் வேலைநிறுத்தம் பண்ணுது தம்பி” என்று குழறிக் குழறிச் சொன்னார். தம்பி உடனே, “பேச்சுவார்த்தைக்குத்தான் அண்ணாச்சி நான் வாரேன். வந்து பார்த்தா நிர்வாகம் ஒறங்குது” என்றார். அத்தான் சிரித்தார். கோணின வாயில் சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனால் சிரிப்பு சிரிப்புதான். அன்றைக்குக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஏழெண்ணும் நேரம் நின்றார். அடுத்த இரண்டு தடவை தம்பி வந்தபோது அத்தான் உறக்கம். அதற்கடுத்த தடவை நிற்கச் சொன்னால் மூன்றுகூட எண்ண முடியவில்லை.

ஒருநாள் அப்படித் திரும்பும்போது தம்பி பஸ்ஸுக்காக என் கடையில் நின்றார். டீயை ஆற்றிக்கொண்டே, “ராத்திரி என்ன பண்ணுவாரு அண்ணாச்சி?” என்று கேட்டார். நான் சங்கதியெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டார்.

“ஏன் இதைச் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? ஷிப்ட் பழக்கம்லா.”

“பழக்கமும் இருக்கலாம். ஆனா மூளையில அடி விழுந்தா பகலு, ராத்திரின்னு பிரிச்சுப் பாக்குற கணக்கே கொழம்பிரும் அண்ணாச்சி. நிறைய பேருக்கு இப்பிடி ஆவும். அத நாமளும் சேர்ந்து வளத்துவிட்டோம்னா அப்பிடியே நின்னுரும். ஓய்வு வேணும், வேண்டாங்கல. ஆனா ராத்திரி வேணும். பகல்ல மூஞ்சில வெளிச்சம் படணும், காதுல ஆள் பேச்சு விழணும். நீங்க ஊரோட சேர்ந்து வாயைப் பொத்திக்கிட்டு இருக்கீங்க. ராத்திரி ஒழுங்கா ஒறங்காத மனுசன் பகல்ல என்ன பயிற்சி செஞ்சாலும் ஒட்டாது. மாத்திரையாலகூட மயக்கம் இருக்கலாம், டாக்டர்ட்ட இதையெல்லாம் வெவரமாச் சொல்லுங்க.” கிளாஸை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “அக்கா எப்பம் ஒறங்குறாங்க?” என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நானே போய் அக்கா வீட்டுக் கொண்டியில் இருந்த நூல் முடிச்சை அவிழ்த்துப் போட்டேன். இனி சத்தம் வரும், மனுசன் விழிப்பார் என்று வாசலில் காத்திருந்தேன். காய்காரி வந்தாள். கொண்டியைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, “அண்ணன் எந்திரிச்சிட்டாவளா?” என்றாள், கிசுகிசுப்பாக.

“இல்ல, உள்ளதான் கெடக்காரு. நீ வாயத் தொறந்து கூவு.”

“போங்க அண்ணாச்சி. ஒறங்குத வீட்டு வாசல்ல கூவுனா நாளைக்கி ஏந் தொண்ட அடைச்சிப்போவும்.”

“நாந்தான சொல்லுதேன்?”

“நீங்க சொல்லுவிய. ஒங்கக்கா சொல்லட்டும், கூவுதேன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பைய நடந்து போய்விட்டாள். பத்து வீடு தாண்டித்தான் ‘கத்திரிக்கா’ என்ற சத்தம் கேட்டது. சாயங்காலம் போனால் கொண்டியில் புது முடிச்சு.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த மத்தியானம். தம்பி இனி வரமாட்டேன் என்றதும், அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னதும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏ அக்கா, ஒனக்கென்ன பைத்தியமா? டாக்டர் சொன்னது மறந்துட்டா? தண்ணி அடைச்ச பெறவா நடப்போற? அவரு காலத்துக்கும் இந்தக் கட்டில்லயே கெடக்கணும்னு நெனைக்கியா?”

“ஆமல, பைத்தியந்தான். அப்பிடியே வச்சிக்கோ.”

“இந்தத் தம்பி போயிட்டாருன்னா வேற ஆள எங்கன போயித் தேட?”

“தேட வேண்டாம். எழுப்பி இருக்க உசுரும் போவதுக்கு, இப்பிடியே கெடக்கட்டும்.”

“எழுப்புனா உசுரு எதுக்குப் போவுது?”

அக்கா நிலையைப் பிடித்த கையை எடுத்தாள். அப்படியே வாசலை அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். உள்ளே பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் குரலைத் தணிக்காமல் பேச வரவில்லை.

“அன்னைக்கி நாந்தாம்ல எழுப்புனேன்.”

எங்களுக்கு விளங்கவில்லை.

“வத்தல் போடுததுக்குக் கூழ் கிண்டணும். பெரிய உருளி பரண்ல கெடந்து. எனக்கு எட்டல. மூணு மணிக்கு எந்திரிச்சி எடுத்துத் தருவாவ, அதுக்குள்ள வெயில் போயிருமேன்னு… இருவத்திரண்டு வருசத்துல ஒருநாளு, ஒரே ஒருநாளு எழுப்புனேன். கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்கல. தோளப் புடிச்சி உலுக்குனேன். வலது தோள. கண்ணத் தொறந்தாவ, வாய் கோணிட்டு. நான் புடிச்ச பக்கந்தான போச்சு? ஒரு உருளிக்காவ.”

எழுபது நாளாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டபோதுகூட, ‘எந்திரிக்கும்போது’ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, அன்னைக்கு எத்தனை தடவ கூப்பிட்டீங்க?”

“நாலஞ்சி தடவ.”

“மத்த நாள்ல எப்பிடி? நாலஞ்சி தடவ கூப்பிட்டாத்தான் எந்திரிப்பாரா?”

“அவியளா? வாசல்ல செருப்பு ஒரசுனா முழிச்சிருவாவ. அதுக்குத்தான நாங்க இந்தப் பாடு பட்டு…” அக்கா பாதியில் நிறுத்தினாள்.

“செருப்புச் சத்தத்துக்கு முழிக்கிறவரு, நாலஞ்சி தடவ கூப்பிட்டும் முழிக்கலேன்னா என்ன அர்த்தம்? நீங்க கூப்பிடும்போதே வந்தாச்சுக்கா. ஒறக்கத்துலயே வந்திருக்கு. எத்தனையோ பேருக்கு அப்பிடி வரும். உலுக்குறதால அது வராது.”

“ஆறுதலுக்குச் சொல்லுதிய.”

“ஆறுதல் சொல்லவா நான் பஸ்ல நின்னுக்கிட்டே வாரேன்? அதுக்கு ஒங்க லைன்லயே ஆள் இருக்கே.” அக்காவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. அவர் தொடர்ந்தார். “நீங்க அந்த உருளிய நெனைக்கலேன்னா மூணு மணி வரைக்கும் யாரும் அவரத் தொட்டிருக்க மாட்டாங்க. இந்த லைன்ல ஒரு குருவிகூடக் கத்தியிருக்காது. நீங்க எழுப்புனதாலதான் நாலு மணி நேரம் முந்தி ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நம்பலேன்னா அடுத்த தடவ டாக்டர்ட்ட இதே கேள்வியக் கேளுங்க. நான் சொன்னது தப்புன்னா என் பேரச் சொல்லி ஏசுங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டாக்டரிடம் கேட்டோம். தம்பி சொன்னதையே அவரும் சொன்னார். மயக்கம் தருகிற ஒரு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். காய்காரியிடம் அக்காவே போய்ச் சொன்னாள். காலையில் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், சாப்பிட்ட பின் அரைமணி மட்டும் கண்ணயர விட்டோம். ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. முதலில் ராத்திரியும் உறக்கமில்லாமல், பகலும் உறக்கமில்லாமல் அவர் எங்களை வைது தீர்த்தார். பதினைந்து நாள் கழித்து ராத்திரி உறக்கம் துண்டு துண்டாக வந்தது. ஆடி மாதம் ஒரு ராத்திரி சங்கு ஊதியதே தெரியாமல் இரண்டு பேரும் உறங்கியிருக்கிறார்கள். ஆவணிக் கடைசியில் கம்பை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு நடந்து வந்தார். வலது கை முழுதாக வரவில்லை. தம்ளர் பிடிக்கும், சட்டைப் பொத்தான் கடைசிவரை அக்காதான் போட்டுவிட்டாள். வேலைநிறுத்தம் பாதிதான் முடிந்தது என்பார்.

நான் சொல்ல வந்தது அந்த மத்தியானத்தை. தம்பி பேசி முடித்துவிட்டார். அக்கா மறுபடியும் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். எழுந்து உள்ளே போனாள். சன்னலில் தொங்கிய கறுப்புப் போர்வையை உருவிக் கீழே போட்டாள். மூன்று மணி வெயில் கட்டில் மேல் விழுந்தது. அத்தான் அசையவில்லை.

“ஏங்க” என்றாள். அவள் அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டு நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. அடுத்த வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது.

“ஏங்க, எந்திரிங்க.”

அவர் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. பிறகு அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள், குனிந்தாள், அவர் வலது தோளில் இரண்டு கையையும் வைத்து உலுக்கினாள்.